காலையில் கார் சூடேறினால்: ஓட்டிப் போவதா, ஆறவைப்பதா, டோ வண்டியா?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பும் காருக்கு இரண்டு வழி. ஒன்று ராவாங் சாலை. இன்னொன்று ஈஜோக் போய் அங்கிருந்து லாத்தார் நெடுஞ்சாலை அல்லது புஞ்சாக் ஆலாம். எந்தப் பக்கம் போனாலும் செம்பனைக்கு நடுவே ஓடும் சாலையைக் கடந்தாக வேண்டும். பல இடங்களில் விளக்கு இல்லை, ஓரம் மண், பின்னால் பழக்குலை லாரி. ஏழு மணி வாக்கில்தான் வெளுக்கும். பட்டறை திறக்க எட்டரை, ஒன்பது ஆகும். இந்த நேரத்தில் வெப்ப ஊசி ஏறினால் மூன்று வழிகள் உண்டு: ஏசியை அணைத்து மெதுவாக ஓட்டிப் போவது, நிறுத்தி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றுவது, டோ வண்டியைக் கூப்பிடுவது.

ஊசி எவ்வளவு ஏறியது என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அதைவிட நம்பகமான கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே தண்ணீர் இருக்கிறதா, போய்விட்டதா? தண்ணீர் இருந்தும் சூடேறும் காரில் பெரும்பாலும் ஃபேன் கோளாறு. பொறுமையாகக் கையாண்டால் வீடு வந்து சேரும். தண்ணீர் இல்லாமல் சூடேறும் கார் சில நிமிடங்களில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை வளைத்துவிடும். முதல் காருக்குச் செலவு பத்துக் கணக்கிலோ நூறு கணக்கிலோ வெள்ளி. இரண்டாவது ஆயிரத்தைத் தாண்டும்.

மூடியைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி பதில். ராவாங் பட்டணத்து ஜாமில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் அது ஃபேன்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சர் இவற்றில் ஒன்று. ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் பிரச்சினை மறைந்துவிடும். லாத்தாரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, வேகம் குறைத்தால் இறங்குவது வேறு கதை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) முழுதாகத் திறக்காமல் இருக்கும், அல்லது தண்ணீர் குறைந்திருக்கும். வீட்டைவிட்டுக் கிளம்பிய ஐந்து பத்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது இரவோடு இரவாகத் தண்ணீர் ஒழுகி ரேடியேட்டர் காலியாகியிருக்கலாம்.

தண்ணீர் போய்விட்டதற்கு அடையாளம் பானெட் ஓரத்தில் ஆவி, லேசான இனிப்பு வாடை (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் அப்படித்தான் மணக்கும்), நிறுத்தினால் கீழே சொட்டு. இன்னொரு அடையாளம் ஆளை ஏமாற்றும்: உச்சிக்குப் போன ஊசி திடீரென்று தானாக இறங்குவது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்து மேலும் அழுத்துபவர்கள் உண்டு. தண்ணீர் முழுவதும் போய், சென்சர் வெறும் காற்றில் நிற்பதால் ஊசி இறங்கியிருக்கலாம். இன்ஜின் பலமிழந்து, அழுத்தினால் 'கடகட' சத்தமும் வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும்.

பெரோடுவா ஆக்சியா போன்ற வண்டிகளில் ஊசியே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடேறினால் சிவப்பு விளக்கு. நடுவில் எதுவும் காட்டாது. சிவப்பு எரியும்போது எச்சரிக்கைக் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட காரில் தினமும் தூரம் ஓடுபவர்களுக்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியைப் படிக்கும் இணைப்பு) செருகும் ப்ளூடூத் கருவி பயன்படும். கைப்பேசியில் எண்ணாகவே வெப்பம் தெரியும். பெரும்பாலான கார்களுக்கு 85 முதல் 95 டிகிரி சாதாரணம். ஜாமில் 100 தொட்டு ஃபேன் சுற்றியதும் இறங்குவதும் சாதாரணம். 105 தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஒதுங்க இடம் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் போவது

இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிபந்தனை: ஊசி நடுவைத் தாண்டியிருந்தாலும் சிவப்பைத் தொடவில்லை; ஆவியோ சொட்டோ இல்லை. இரண்டும் பொருந்தினால் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, 50-60 கிலோமீட்டர் வேகத்தில் உயர் கியரில் லேசான அழுத்தத்தில் ஓட்டலாம். நிற்பதைவிட ஓடுவதே நல்லது, காற்று கிடைக்கும். ஜாம் தெரிந்தால் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் முன்பே ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். வெளிச்சம், தண்ணீர், ஆள் நடமாட்டம் மூன்றும் அங்கே இருக்கும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று: ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், இன்ஜின் சூடு உள்ளே வந்துவிடும். குளிர் நாட்டுக் காருக்கு அது சரி. மலேசியாவில் விற்கும் சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே பொருத்துவதில்லை. அந்தக் குமிழைத் திருப்பினால் ஏசியின் குளிர்தான் குறையும். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி.

ஏசியை அணைப்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பல கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் தானாகச் சுற்றும், ரேடியேட்டர் சென்சர் என்ன சொன்னாலும். ஆகவே கோளாறு சென்சரில் மட்டும் என்றால், ஜாமில் ஏசியைப் போட்டால் ஊசி இறங்கும். ஒரு நிமிடம் சோதித்துப் பார்க்கலாம். இறங்காமல் ஏறினால் உடனே அணைத்துவிட வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற எண்ணம். ஹெட் அலுமினியம், பழைய இன்ஜின்கள் பலவற்றில் கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரியாது. சூடு எல்லை தாண்டும்போது நடுவில் இருக்கும் கேஸ்கட் நசுங்கி, ஹெட் வளைகிறது. பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே ஹெட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டும். ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போவதற்கு யாரும் ஆயிரம் வெள்ளி அபராதம் போடுவதில்லை. சிவப்பைத் தொட்ட ஊசிக்கு இந்த வழி பொருந்தாது.

நிறுத்தி ஆறவைப்பது

ஆவி இல்லை, தண்ணீர் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது என்றால் உடனே அணைக்காமல் ஏசி இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடலாம். பம்ப் ஓடுவதால் சூடு பரவி இறங்கும். ஏறிக்கொண்டே போனாலோ ஆவி வந்தாலோ அணைத்துவிடுங்கள். இரண்டிலும் பானெட்டைத் திறந்து வைப்பது உதவும்; ஆவி பீறிட்டால் மட்டும் அது அடங்கும்வரை பானெட்டைத் தொடாதீர்கள்.

பிறகு காத்திருப்பு. அரை மணி நேரம் குறைந்தபட்சம். முக்கால் மணி என்றால் நிம்மதி. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது மூடி உள்ளே பிடித்து வைக்கும் அழுத்தம், பார் என்ற அளவில். 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். 110 டிகிரியில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் பைப்பைத் துணி சுற்றிய கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக அமுங்கினால், தடிமனான துணியை மூடிமேல் போட்டு, முதல் நெளிவு வரை மட்டும் திருப்பி, சீறல் நின்றபின் முழுதாகத் திறக்கலாம்.

அடுத்த தவறு ரிசர்வ் டேங்கில் மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்புவது. ரேடியேட்டர் காலியாக இருக்கும்போது அந்தத் தண்ணீர் உள்ளே போகாது. சூடாகிக் குளிரும்போது உறிஞ்சும் வேலை, குழாய்கள் நிறைந்து காற்றுப்புகாமல் இருந்தால்தான் நடக்கும். மூடி ரேடியேட்டர்மேல் இருக்கும் கார்களில் ரேடியேட்டரிலேயே ஊற்ற வேண்டும். (ஐரோப்பியக் கார்களிலும் சில புதிய மாடல்களிலும் பக்கத்தில் உள்ள டேங்கே அழுத்த டேங்க், அங்கே அதில் ஊற்றுவதுதான் சரி.) சூடு முழுதாக ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கடகடவென்று கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம். காத்திருக்கவே முடியாது என்றால் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, நூல் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

சிறிய காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் வாக்கில். 1.5 லிட்டர் குடிநீர்ப் போத்தல் மூன்று டிக்கியில் கிடந்தால் ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடலாம். குழாய்த் தண்ணீரும் அவசரத்துக்குப் பரவாயில்லை, அந்த வாரமே வடித்துவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட்டால். தோட்டத்து வடிகால் தண்ணீரும் பழைய ஈயக் குட்டைத் தண்ணீரும் கடைசிக்குக் கடைசி. மண்ணும் அமிலமும் மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள் போய்த் தங்கிவிடும். இன்றைக்குக் காப்பாற்றியது அடுத்த மாதம் ரேடியேட்டரைக் கேட்கும்.

ஊற்றியது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தே அடுத்த அடி. ஒரு நிமிடம் ஓடவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஊருக்குத் திரும்பும் தூரம் ஓடும். ஹோஸில் சிறு கீறல் என்றால், உலரத் துடைத்து, தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை இழுத்து இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றினால் பட்டறை வரை தாங்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் என்றால் எந்தப் பசையும் நம்பத் தக்கதல்ல. மூடியை முதல் நெளிவில் மட்டும் நிறுத்தி ஓட்டினால் அழுத்தம் ஏறாது, ஒழுக்கும் குறையும். ஆனால் 100 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் சில கிலோமீட்டர்தான், அதுவும் நிதானமாக. பைப்பிலிருந்து ஊற்றுவது போல் கொட்டினால் போத்தலை மூடி வைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எந்தத் திசையில் திரும்புவது? ஊருக்கே. ஆறவைத்த கார் வேலையிடம் போய்ச் சேரலாம். மாலையில் அதே காரில், அதே ஜாமில், அதே ஒழுக்கோடு திரும்ப வேண்டியிருக்கும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஊர்ப் பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் பசியாறப் போவது மலிவு.

டோ வண்டி

தண்ணீர் கொட்டுகிறது, ஊசி விழுந்துவிட்டது, எண்ணெய் அளவுகோலில் பால் தேத்தண்ணி நிறம், அல்லது புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை என்றால் இது மட்டும்தான் வழி. இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

விரிவான காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இலவச டோ சேவை சேர்ந்தே வரும், தூரத்துக்கோ தொகைக்கோ ஒரு வரம்போடு. காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணைத்தான் முதலில் அழைக்க வேண்டும். நீங்களே ஒரு வண்டியைப் பிடித்துவிட்டுப் பிறகு பில் கொடுத்தால் பணம் திரும்புவது உறுதியில்லை. பழைய வீரா, கன்சில் கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவர்களுக்குப் பொதுவாக இந்தச் சலுகை இராது. அவர்களுக்கு ஊர் ஃபோர்மனின் (மெக்கானிக்கின்) எண்ணே காப்புறுதி. டோல் நெடுஞ்சாலையில் நின்றால் அந்த நெடுஞ்சாலையின் அவசர எண்ணை அழையுங்கள். ரோந்து வண்டி வந்து பாதுகாப்புக்கு நிற்கும், ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்த உதவும். கூப்பிடாமலே வந்து நிற்கும் டோ வண்டியிடம் விலையும் போகும் இடமும் பேசாமல் கொக்கி மாட்ட விடாதீர்கள். ஆட்டோ கியர் கார் என்றால் இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள், அதாவது சிறிய கார்களில் முன் சக்கரங்கள், தரையில் உருளக்கூடாது.

காத்திருக்கும் இடம் இங்கே முக்கியம். விடியாத நேரத்தில் செம்பனை ஓரம் காரின் பின்பக்கம் லாரிக்குத் தெரியாது. அபாய விளக்கு போட்டு, முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்து, இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, காரைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பின்னால் நிற்காதீர்கள். எமர்ஜென்சி லேனில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள்.

நேரத்தைக் கணக்குப் பார்த்தால் டோ வண்டியும் ஆறவைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. ஆகையால் "டோ கூப்பிட்டால் நேரமாகும்" என்பதற்காகத் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது சரியான காரணமாகாது. காப்புறுதியில் டோ இருந்தால், சந்தேகமான எல்லா நேரத்திலும் நம் வாக்கு அதற்குத்தான்.

பட்டறையில் நடக்கும் இரண்டாவது தேர்வு

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் ஃபோர்மன் இன்னும் இருக்கிறார். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?" என்பது வாதம். இன்ஜினுக்கு வெயில் தெரியாது. அதற்கு வேண்டியது 85-90 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓடினால் அது தேவையான சூட்டை எட்டாமல், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். அதைவிட, சில இன்ஜின்களில் அதே தெர்மோஸ்டாட் பைபாஸ் வழியையும் மூடும் வேலையைச் செய்கிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினையே சுற்றி வரும். முன்பைவிட அதிகம் சூடேறும். புதியது பத்துக் கணக்கில் வெள்ளி. மாற்றிவிடுங்கள்.

ஃபேன் மோட்டாரில் ஹால்ஃப்கட் சாமானை (வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் பாகத்தை) நாம் விரும்புகிறோம். ஜப்பானிலிருந்து வரும் அசல் மோட்டார், மலிவான புதிய மோட்டாரைவிட நீண்ட நாள் ஓடுவது உண்டு; கடையிலேயே 12 வோல்ட் கொடுத்துச் சுற்றிப் பார்த்து வாங்கலாம். ரேடியேட்டரில் நேர் எதிர். பிளாஸ்டிக் டேங்க் வயதாக ஆக நொறுங்கும், அதன் ஆயுளை ஹால்ஃப்கட் கடையில் யாராலும் சொல்ல முடியாது. புதியதே வாங்குங்கள், அசல் இல்லாவிட்டாலும். அடைப்பு எடுக்க உள்ளே கம்பி விடும் வேலை செம்பு ரேடியேட்டர் காலத்துக்குப் பொருந்தியது; அலுமினியத்தில் கூலிக்குக்கூட கட்டாது. ஒழுக்கை அடைக்கும் பொடியும் திரவமும் ஊசித்துளைக்கு மட்டும், அதுவும் தற்காலிகம். மெல்லிய குழாய்களை அவையே அடைத்துவிடும்.

கூலன்ட்டில் கலந்தே விற்பதும் உண்டு, கெட்டியாக விற்பதும் உண்டு. கெட்டியை அப்படியே ஊற்றினால் சூட்டை நன்றாகச் சுமக்காது. காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி போதும். நிறம் பார்த்து வேறுவேறு வகைகளைக் கலக்காமல், முழுதாக வடித்துவிட்டு ஒன்றையே ஊற்றுங்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் கேள்வி பெரிதாகிறது: ஹெட்டைத் தேய்த்து கேஸ்கட், போல்ட்டு மாற்றுவதா, ஹால்ஃப்கட் இன்ஜின் போடுவதா? வளைவு சிறியது, விரிசல் இல்லை, எண்ணெயில் தண்ணீர் கலந்து நெடுநேரம் ஓடவில்லை என்றால் ஹெட் வேலை. கலந்த எண்ணெயோடு ஓட்டியிருந்தால் கீழே பேரிங்குகள் தேய்ந்திருக்கும். ஹெட்டுக்குச் செலவழித்த காசு வீண். இன்ஜின் மாற்றினால் எண்ணும் மாறும். புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனையும் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் செய்துகொள்ள வேண்டும். அதற்கான தாள்களைக் கடைக்காரர் தருவாரா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

எதை மாற்றினாலும் தண்ணீர்க் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றாமல் காரைத் திரும்பப் பெறாதீர்கள். மூடியைத் திறந்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை ஓடவிட்டு, இறங்க இறங்க ஊற்ற வேண்டும். மறுநாள் காலை கிளம்பும் முன், குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து பாருங்கள். சிறிது இறங்கியிருந்தால் மிச்சக் காற்று வெளியேறியது, நிரப்பிக் கிளம்பலாம். அரை லிட்டருக்குமேல் போயிருந்தால் எங்கோ இன்னும் ஒழுகுகிறது, அன்றைக்கு பஸ்தான்.